ஒரு தடவை அக்காவுக்கு, இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்கு

போன திங்கட்கிழமை காலை, ஓமலூரிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டு என் நம்பரை வாங்கினாராம்.

"சார், கொஞ்ச மாசத்துக்கு முன்னால காலிங் பெல் பத்தி எழுதியிருந்தீங்களே... அதைக் கேக்கலாம்னுதாங்க. எங்கம்மா படுத்த படுக்கையா இருக்கறாங்க. நான் மாட்டுக் கொட்டாயில இருந்தா அவங்க கூப்பிடறது கேக்கறதில்ல. பெல் வாங்கலாம்னா, பக்கத்து ஊட்டுலயும் அதே பெல்தானுங்க இருக்குது. நீங்க சொன்ன மாதிரி ஒரு தடவை, ரெண்டு தடவைன்னு கணக்கு வெச்சுக்கலாமுங்களா?"

"வேண்டாம்மா," என்றேன்.

என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "வேற கோடு நம்பர் இருக்கற பெல்லா வாங்குங்க. பக்கத்து வீட்டு பட்டனை எடுத்துட்டுக் கடைக்கே போங்க. அதை அமுத்தினா உங்க பெல் அடிக்கக் கூடாது. பார்த்து வாங்குங்க," என்றேன். "ஏனுங்க சார், நீங்கதானே நல்லா வேலை செய்யுதுன்னு எழுதினீங்க?" என்று அவர் கேட்டார். எனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வேறு வேலை என்ன வேலை? ஓய்வு பெற்றவனுக்கு?

அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்த வாரப் பத்தி. அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. எனக்கு ஒரே அக்கா, சரசு. ஜலகண்டாபுரத்தில் வாக்கப்பட்டவள். மாமாவுக்கு வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி. துண்டு நெய்கிறார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. வலது கை மட்டும் நன்றாக இருந்தது. மாமா அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். தறியை ஓட்டாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

விசைத்தறிப் பட்டறைக்குள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றால், மாமா பட்டறையில் சட்டையே போடுவதில்லை. அக்காவுக்கோ போனைத் தடவி நம்பர் எடுக்க வராது.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். சேலத்தில் எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கினேன். பட்டன் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். பட்டனை அழுத்தினால் பெட்டி பாட்டுப் பாடும்... கூடவே நீலமாக ஒரு விளக்கு மின்னும். பாட்டு யாருக்கு வேண்டும்? விளக்கு போதும். பெட்டியை மாமாவின் கண்ணுக்கு நேராகப் பட்டறைச் சுவரில் மாட்டினேன். பட்டனை அக்காவின் வலது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் சட்டத்தில் ஒட்டினேன்.

அக்கா அழுத்தினாள். பட்டறையில் விளக்கு மின்னியது. மாமா நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்து, "என்ன சரசு, தண்ணியா?" என்று கேட்டார். அக்கா கோணிய வாயோடு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை என்றால் சும்மா இல்லை. தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஒயர் காலத்தில் ஆரம்பித்து டவர் காலம் வரை பார்த்தாயிற்று. வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். கடைசியில் நம்முடைய வேலை நம் குடும்பத்துக்கே உதவுகிறதே என்று ஒரு மிதப்பு.

பக்கத்து வீட்டில் குமரேசன் இருக்கிறான். சின்ன வயசு. அவனுக்கும் பின்னால் தறிப் பட்டறை. மாமாவின் பட்டறைக்கும் அவன் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். அவன் மனைவி செல்வி, சாப்பாட்டுக்கும் வந்த ஆளுக்கும் அவனைக் கூப்பிட நாளைக்குப் பத்து தடவை வீட்டுக்கும் பட்டறைக்கும் நடப்பாள். எங்கள் பெல்லைப் பார்த்ததும், "அண்ணா, எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கண்ணா" என்றாள். அடுத்த வாரமே அதே கடையில், அதே அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்று வாங்கிப்போய்க் கொடுத்தேன்.

தப்பு அங்கே ஆரம்பித்தது.

செல்வி சோற்றுக்கு அழுத்தினால் மாமாவின் பெட்டியிலும் விளக்கு மின்னியது. மாமா பதறிப்போய்த் தறிகளை நிறுத்திவிட்டு ஓடினால், அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள். அக்கா தண்ணீருக்கு அழுத்தினால் குமரேசன் வீட்டுக்குப் போய்த் தட்டு முன்னால் உட்காருவான். "பக்கத்து ஊட்டுச் சோத்துக்கு நான் நாலு தறிய நிறுத்திப்போட்டு ஓடறேன் மாப்ள," என்று மாமா போனில் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏன் இப்படி ஆகிறது?

ரேடியோ அலைக்கு வேலி கிடையாது. இருப்பது ஒரே வெளி. ரேடியோ, டிவி, போலீஸ் வயர்லெஸ், விமானம், நம் கையில் இருக்கிற செல்போன் – எல்லாம் அதற்குள்தான் போய் வர வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பேசினால் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் பங்கு பிரிக்க வேண்டும். முக்கால்வாசியை அரசாங்கம் அளந்து, இன்னாருக்கு இது என்று பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறது. சில துண்டுகளை மட்டும் புறம்போக்காக விட்டிருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சத்தம் போடாமல் நடந்தால் சரி. கார் சாவி, கேட் ரிமோட், காலிங் பெல் எல்லாம் அந்தப் புறம்போக்கில்தான் நடமாடுகின்றன.

அப்படியென்றால் ஊரில் ஒருவர் அழுத்தினால் எல்லார் பெல்லும் அடிக்க வேண்டாமா? அடிக்காது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கோடு, அதாவது ஒரு ரகசிய எண், இருக்கும். தன்னுடைய கோடு வந்தால்தான் பெட்டி பாடும். ஆனால் மலிவான சரக்கில் ஒரு லாட் முழுவதற்கும் ஒரே கோடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வாங்கியவன். அதையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டியவன்.

ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி பெல் வாங்கியிருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் எனக்குள் இருந்த அதிகாரி விடவில்லை. ஒரே அலைவரிசையைப் பல பேர் பங்கு போடுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் ஆயிற்றே... இரண்டு வீட்டுக்கு ஒரு வழி சொல்ல மாட்டேனா? ஆளுக்கு ஓர் அலைவரிசை கொடுக்க முடியாது, பெட்டியில் அந்த வசதி இல்லை. ஆளுக்கு ஒரு கோடும் கிடையாது. டவர் செய்வதுபோல ஆளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாமென்றால், அக்காவுக்குத் தாகம் எடுக்கிற நேரத்தை யார் ஒதுக்குவது?

ஆகவே எண்ணிக்கை. ஒரு தடவை மின்னினால் அக்கா. இரண்டு தடவை மின்னினால் செல்வி. முடியாதவளுக்கு ஒரு தடவை அழுத்துவதுதானே சுலபம்?

அன்றைக்கு அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். "அக்கா, ஒரே ஒரு தடவைதான் அமுத்தோணும். மாமா வரலைன்னா கொஞ்சம் பொறுத்து, திரும்ப ஒரு தடவை. சேர்த்து அமுத்திடாத."

"செரி... சாமி," என்றாள் குழறலாக. எனக்கு முன்னாலேயே அழுத்திக் காட்டினாள். ஒரு தடவை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சரியா என்று கேட்கிற பார்வை.

திட்டம் அற்புதமாக வேலை செய்தது. அக்கா ஒரு நாளும் தப்பவில்லை. செல்வியும் தப்பவில்லை. நான் இதை இதே பத்தியில் நகைச்சுவையாக எழுதினேன். காசு செலவில்லாமல் அலைக்கற்றையைப் பங்கு பிரித்த இரண்டு குடும்பங்கள் என்று எழுதினேன். பாராட்டி நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். அந்தப் பக்கத்தை மாமா அக்காவுக்குப் படித்துக் காட்டினாராம். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாளாம்.

அக்கா செத்துப்போய் இப்போது இரண்டரை மாதம் ஆகிறது.

பட்டப்பகலில்தான் போனாள். காலையில் மாமா இட்லி ஊட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார். பன்னிரண்டரைக்குக் கஞ்சி கொடுக்க வந்தபோது அக்கா கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கலாம் என்றார். முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுங்க," என்றார்.

சாவு வீட்டில் மாமா வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கூப்பிடக்கூட இல்லீங்க. கூப்பிட்டிருந்தா ஓடியாந்திருப்பனே. தூக்கத்துலயே போயிட்டா." கேட்டவர்கள், "நோகாம போயிருக்கறா, புண்ணியவதி" என்றார்கள். எனக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. என் அக்கா கஷ்டப்படாமல் போய்விட்டாள். பெல் பக்கத்திலேயே இருந்தும் அது தேவைப்படவில்லை.

கருமாதி முடிந்த அன்று, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, குமரேசன் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கூட்டிப்போனான். அவன் முகம் சரியில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லு."

"அன்னிக்குப் பதினோரு மணி வாக்குல எம் பெட்டியில ரெண்டு தடவை மின்னுச்சுங்கண்ணா. சோத்து நேரங்கூட இல்ல. யாராச்சும் வந்திருப்பாங்கன்னு தறிய நிறுத்திட்டு ஊட்டுக்குப் போனேன். செல்வி மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கறா. 'நான் அமுத்தவே இல்லையே'ங்கறா. பூனை மிதிச்சிருக்கும்னு சிரிச்சோமுங்க. வந்ததுதான் வந்தீங்கன்னு மோர் குடுத்தா. நின்னு குடிச்சுட்டுத் திரும்பப் பட்டறைக்குப் போயிட்டேன்."

அவன் அழ ஆரம்பித்தான்.

"பக்கத்து ஊட்டுக் கதவுங்கண்ணா. பத்தடி. எட்டிப் பாத்திருந்தா என்ன? எனக்குத் தோணவே இல்லீங்களே. ரெண்டுன்னா எங்க ஊடுதானே... அப்படித்தானே பழகியிருக்கறோம்."

அக்கா கூப்பிட்டிருக்கிறாள். தூக்கத்தில் போகவில்லை. நெஞ்சு வலித்தபோது நல்ல கையை நீட்டி அழுத்தியிருக்கிறாள். ஒரு தடவை அழுத்திவிட்டு, பொறுக்க முடியாமல் உடனே இன்னொரு தடவை. அவ்வளவுதான். செய்தி போய்ச் சேர்ந்தது. மெஷினில் எந்தக் குறையும் இல்லை. நான் போட்ட விதிப்படி அது மிகச் சரியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பயத்தில் இருப்பவன் கதவை ஒரு தடவையா தட்டுவான்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். விதி போடும்போது மட்டும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது என் தொழில் சம்பந்தப்பட்ட வெட்கம். எத்தனை நெரிசலான டவரிலும் அவசர அழைப்புக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். மற்ற அழைப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு அதை முதலில் விடுவார்கள். பங்கு பிரிக்கிறவன் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது அதைத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். தாகத்துக்கும் சோற்றுக்கும் கணக்குப் போட்ட எனக்கு, சொந்த அக்காவின் உயிருக்கு ஒரு கணக்கு போடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பெல்லையே மாற்றியிருப்பேன்.

குமரேசனின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். "மாமாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று நானும் சொன்னேன். மாமா பாவம், தூக்கத்தில் போனாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அதையும் பிடுங்கிக்கொண்டால் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்?

நல்ல காரணம்தான். ஆனால் இரண்டு மாதமாக நான் ஜலகண்டாபுரம் போகவில்லை. மாமா போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். மாமாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், உண்மையில் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

ஓமலூர் அம்மா போன் செய்த மறுநாள், தாரமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு ஊருக்கே தப்பான வழியை எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தி எழுத வேண்டும். மாமாவுக்குத் தெரியாமல் அதை எழுத முடியாது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். எதுவும் சரியாக வரவில்லை.

மாமா பட்டறையில் இருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் குமரேசனின் தறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு மணி. இரண்டு மின்னல். செல்வி மொட்டை மாடியில் இருந்தது. நான் போட்ட கணக்கு. மாமா கழிவு நூலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"தெரியும் மாப்ள," என்றார்.

"குமரேசன் சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொன்னான்? மூஞ்சியப் பாக்கவே பயந்துக்கிட்டுத் திரியறான். அவன் பெட்டியில மின்னுனா எம் பெட்டியிலயும் மின்னுந்தானே?"

அதுதானே... ஒரே கோடு. இரண்டு பெட்டியும் ஒன்றாகத்தான் மின்னும். நான் கண்டுபிடித்த குறையே அதுதான். இரண்டு மாதமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டாவது தறியில நூல் அறுந்துபோச்சு. முடிச்சுப் போட்டுட்டு இருந்தேன். நிமிந்து பாத்தேன். ரெண்டு தடவை மின்னுச்சு. சரி, செல்வி கூப்பிடறான்னு குனிஞ்சு முடிச்சைப் போட்டேன். அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் மாமா... கூப்பிடவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது? குமரேசன் சின்னப் பையன். காலம் பூரா அந்தப் பட்டறையில நின்னு தறி ஓட்டோணும். தெரிஞ்சா ஓட்டுவானா? நீ இருக்கறியே... உனக்குத் தெரிஞ்சா அதுக்கப்புறம் இந்த ஊட்டுப் படி ஏறுவியா?"

ஏறியிருக்க மாட்டேன். தெரிந்த பிறகு இரண்டு மாதம் ஏறவும் இல்லை.

ஆக, மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. குமரேசன் மாமாவுக்காக மறைத்தான். நானும் மாமாவுக்காக என்று சொல்லிக்கொண்டு மறைத்தேன். மாமா எங்கள் இரண்டு பேருக்காகவும் மறைத்தார். ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அன்றைக்குச் சாயங்காலம் குமரேசனையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். மாமாதான் பேசினார். குமரேசன் அவர் மடியில் தலையை வைத்து அழுதான். செல்வி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. இன்னொரு ஊட்டுல நடக்கக் கூடாது. பேர மட்டும் மாத்திப்போடு," என்றார் மாமா.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். அவருடைய நிதானம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "கணக்குப் போட்டவன் நான்தானே மாமா? தப்பு என்னுதுதானே?" என்று கேட்டேவிட்டேன்.

மாமா பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உன்மேல என்ன தப்பு மாப்ள? நீ சொன்னேங்கறதுக்காக அத்தனை நாளும் எண்ணி எண்ணி ஒவ்வொண்ணா அமுத்துனா. தப்பு என்னுது. இத்தனை வருசம் கூட இருந்திருக்கறேன்... எனக்குல்ல தெரிஞ்சிருக்கோணும்? அவ என்னை ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துனதே கிடையாது. 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு எப்பவும் ரெண்டு தடவைதான் கூப்பிடுவா."